சுரப்பிகளும் சொல்லீறுகளும்

பகுபதத்திற்கு உறுப்புகள் ஆறு என்று நன்னூல் படித்த காலத்தில் நாம் மனப்பாடம் செய்திருப்போம். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்பன அவை. இவற்றுள் விகுதி சொல்லின் கடைசியில் ஒதுங்கி நிற்பது. ஆயினும் 'நடந்தான்', 'நடந்தாள்', 'நடந்தது' என்னும் மூன்றில், நடந்தது ஆணா, பெண்ணா, அஃறிணையா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கடைசி உறுப்பே. மேலைநாட்டு மருத்துவச் சொற்களுக்கும் இந்த நியாயம் பொருந்தும். அவற்றிலும் நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றிய சொற்களில், ஈறு மாறினால் பொருள் மட்டுமன்றிச் சில வேளைகளில் மருந்தும் மாறிவிடும்.

தில்லியிலோ பம்பாயிலோ கல்கத்தாவிலோ குடியேறி வாழும் தமிழர்க்கு இதில் தனியான அக்கறை உண்டு. மருத்துவர் பேசுவது இந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ. அவர் எழுதிக்கொடுக்கும் சீட்டு ஆங்கிலத்தில். வீட்டில் உள்ள மூதாட்டிக்கு அதைத் தமிழில் விளக்க வேண்டியவர் நாம். அச்சீட்டிலுள்ள நீண்ட சொற்களுக்குப் பெரும்பாலும் கிரேக்கமும் இலத்தீனுமே மூலம். அவற்றைச் சூட்டியவர் யார், எந்த ஆண்டில், எதை எண்ணிச் சூட்டினார் என்பது தெரிந்தால் பாதி மருட்சி நீங்கும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இந்த ஈறுகளின் வரலாறு ஒரு குடும்பத்தின் வழக்குக் கட்டைப் புரட்டுவது போலவே தோன்றியிருக்கிறது. பங்காளிச் சண்டை, தத்துப் பிள்ளை, போலிப் பத்திரம் எல்லாம் அதில் உண்டு.

இத்துறையின் பெயரிலேயே தொடங்குவோம். 'எண்டோக்ரைன்' என்பதில் 'எண்டோ' என்றால் உள்ளே. 'க்ரைன்' என்னும் ஈறு, பிரித்தெடுத்தல், சலித்தெடுத்தல் என்று பொருள்படும் கிரேக்க வினையினின்று வந்தது. நன்மை தீமையைச் சலித்துப் பார்ப்பவனாகிய விமரிசகனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் இதே வேரில் முளைத்ததே. பிரான்சு நாட்டு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார் 1855-ஆம் ஆண்டில், கல்லீரல் சர்க்கரையை நேரே இரத்தத்தில் சேர்க்கிறது என்று கண்டு, அதற்கு 'உட்சுரப்பு' என்று பெயரிட்டார். உமிழ்நீருக்கும் வியர்வைக்கும் வெளியேறக் குழாய் உண்டு. இவ்வுட்சுரப்புகளுக்கு அது இல்லை. 'நாளமில்லாச் சுரப்பி' என்னும் நம் பாடநூற் சொல், கிரேக்கத்தை மொழிபெயர்க்காமல் பொருளையே நேராகச் சொல்வதால், மூலத்தைக் காட்டிலும் தெளிவானது என்பேன்.

எல்லா மொழிபெயர்ப்புக்கும் இந்தப் பாராட்டைத் தர இயலாது. மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரிக்குக் 'கபச் சுரப்பி' என்று தமிழில் ஒரு பெயர் உண்டு. இலத்தீனில் 'பிட்யூட்டா' என்றால் சளி. மூளையிலிருந்து சளி இவ்வுறுப்பின் வழியே மூக்கிற்கு இறங்குகிறது என்று பழங்கால ஐரோப்பிய மருத்துவர் நம்பினர். நம்பிக்கை பொய்த்தது, பெயர் நிலைத்தது, அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததில் அந்தப் பிழையும் தமிழில் குடியேறிவிட்டது. இதற்கு மாறாக, 'அட்ரீனல்' என்பதை 'அண்ணீரகச் சுரப்பி' என்றவர் நன்றாகவே செய்தார். சிறுநீரகத்தை அண்மியது என்பதே இலத்தீனப் பெயரின் கருத்தும். தைராய்டு என்பதன் ஈறாகிய 'ஆய்டு', நம் 'போல', 'அன்ன' என்னும் உவம உருபு போன்றது. கிரேக்கப் போர்வீரனின் கதவொத்த நீண்ட கேடயத்தைப் போன்றது என்று கருதியே, இச்சுரப்பிக்கு லண்டன் மருத்துவர் தாமஸ் வார்ட்டன் 1656-இல் அப்பெயரிட்டார். ஸ்டீராய்டு என்பதிலும் இதே உருபுதான்; ஸ்டெரால் போன்றது என்பதே அதன் பொருள்.

இனி, சுரப்பிகளை விட்டு அவை சுரக்கும் பொருள்களுக்கு வருவோம். 1902 ஜனவரியில் லண்டன் யுனிவர்சிடி கல்லூரியில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர் ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளை எல்லாம் துண்டித்தனர். பின் அப்பகுதிக்குள் சிறிது அமிலம் செலுத்தினர். நரம்புத் தொடர்பே இல்லாதபோதும் கணையம் நீர் சுரந்தது. குடலின் உட்படலத்தைச் சுரண்டி, அமிலத்தோடும் மணலோடும் அரைத்து, வடித்த நீரை இரத்தத்தில் செலுத்திய போதும் கணையம் சுரந்தது. அப்படியாயின் குடல் கணையத்திற்குச் செய்தி அனுப்பியது நரம்பு வழியாக அன்று, இரத்த வழியாக! அச்செய்தியாளனுக்கு 'செக்ரிட்டின்' என்று பெயரிட்டனர். 'இன்' என்னும் ஈறு அக்காலத்தில் வேதியியலார் புதிய உயிர்ப்பொருளுக்கு எளிதாக ஒட்டும் சீட்டு; பெப்சின் போன்ற பெயர்கள் முன்னரே இருந்தன.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1905-இல், லண்டன் மருத்துவர் கல்லூரியில் ஆற்றிய குரூனியன் சொற்பொழிவில் ஸ்டார்லிங் இத்தகைய செய்தியாளர் அனைவருக்கும் பொதுப்பெயராக 'ஹார்மோன்' என்பதை வழங்கினார். தூண்டி எழுப்புதல் என்னும் கிரேக்க வினையினின்று அச்சொல்லை எடுத்துக் கொடுத்தவர், கேம்பிரிட்ஜில் இருந்த வீஸி என்னும் கிரேக்கப் புலவர் என்று சொல்லப்படுகிறது. தூண்டுவது மட்டுமா ஹார்மோனின் வேலை? அடக்குவனவும் உண்டே என்று ஷேஃபர் என்னும் மற்றோர் அறிஞர் ஆட்சேபித்து, அடக்குவனவற்றிற்கு 'கேலோன்' என்று வேறு பெயர் முன்மொழிந்தார். அவர் சொன்னது நியாயமே. ஆனால் வழக்கு அவர் பக்கம் சாயவில்லை. நம் 'இயக்குநீர்' என்னும் சொல்லும் ஸ்டார்லிங் பக்கமே நிற்கிறது.

'இன்' என்னும் ஈற்றுக்குத் திரும்புவோம். அதில்தான் வழக்கு மிகுதி. ஆங்கிலத்தில் இது இருவகையாக எழுதப்படும். கடைசியில் 'இ' என்னும் எழுத்து இல்லாமல் ஒன்று, அவ்வெழுத்தோடு மற்றொன்று. குயினைன், மார்ஃபைன் போன்ற நைட்ரஜன் கலந்த காரப்பொருள்களுக்கு 'இ' வேண்டும். புரதம் முதலிய பிறவற்றுக்கு வேண்டா என்பது வேதியியலார் வகுத்த மரபு. தமிழில் எழுதும்போது இவ்வேற்றுமை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. மறைவதால் நமக்கு நட்டமில்லை எனினும், அவ்வோர் எழுத்தின் பின்னால் நடந்த கதைகளை அறிவது நன்று.

ஜப்பானியராகிய தக்காமினே என்பவர் அமெரிக்காவில் குடியேறி ஆய்வுக்கூடம் நடத்தினார். அண்ணீரகச் சுரப்பியின் சாரத்தை அவருடைய உதவியாளர் உவெனாக்கா 1900-இல் பளிங்குருவில் பிரித்தெடுத்தார். 1901-இல் அது 'அட்ரினலின்' என்னும் பெயரோடு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஈற்றில் 'இ' இல்லாத அப்பெயரை ஓர் அமெரிக்க மருந்து நிறுவனம் தன் வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டது. அதற்கு முன்பே பால்டிமோரில் ஜான் ஏபெல் என்பவர் அதே சுரப்பியின் பொருளை ஆராய்ந்து, கிரேக்க மொழியில் 'எப்பினெஃப்ரின்' என்று பெயரிட்டிருந்தார். இரண்டு பெயருக்கும் பொருள் ஒன்றே: சிறுநீரகத்தின் மேலுள்ளது. ஒரு நிறுவனத்தின் சொத்தான பெயரை எல்லோரும் எப்படி வழங்குவது? அமெரிக்கர் ஏபெலின் பெயரை ஏற்றனர். ஆங்கிலேயரோ ஈற்றில் 'இ' ஒன்றைச் சேர்த்து அட்ரினலினையே பொதுச் சொல்லாக்கிக் கொண்டனர். அந்தப் பிளவு இன்றும் தீரவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் எப்பினெஃப்ரின், பிரிட்டனில் அட்ரினலின். தேனீக் கடியால் மூச்சடைத்துத் தவிப்பவருக்குத் தரும் உயிர்காக்கும் ஊசி அது. மருந்துக் குப்பியில் ஒரு பெயரும், அயல்நாட்டிலிருந்து வந்த சீட்டில் மற்றொரு பெயரும் இருந்தால் இரண்டும் ஒன்றே என்பதை வீட்டார் அறிந்திருத்தல் வேண்டும்.

தைராக்சினின் கதை வேறு வகை. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து மேயோ மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டல் 1914 டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்துமஸ் பண்டிகையன்று, தைராய்டின் செயற்பொருளைப் பளிங்காகப் பெற்றார். அதில் 'இண்டோல்' என்னும் வளையம் இருப்பதாக அவர் நம்பினார். ஆகவே தைராய்டு, ஆக்சிஜன், இண்டோல் என்னும் மூன்றையும் சுருக்கித் 'தைராக்சின்' என்றார். அதாவது அந்த 'இன்' வெறும் ஒட்டன்று, இண்டோலின் தலைப்பகுதி. ஆனால் 1926-இல் லண்டனில் ஹாரிங்டன் அதன் அமைப்பைக் கண்டறிந்த போது அதில் இண்டோல் இல்லவே இல்லை. அது ஒருவகை அமினோ அமிலம். அடுத்த ஆண்டு பார்ஜருடன் சேர்ந்து அதைச் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினார். பெயரை மாற்றினாரா? இல்லை. ஈற்றில் ஓர் 'இ'யைச் சேர்த்தார், அவ்வளவே. அமினோ அமிலங்களுக்கு உரிய ஈறு கிடைத்துவிட்டது, கெண்டலின் தவறான ஊகமும் நாகரிகமாக மூடப்பட்டது. பிழையைத் திருத்துவதில் இவ்வளவு சிக்கனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இன்சுலினைப் பற்றி நீண்டு சொல்ல வேண்டியதில்லை. கணையத்தில் தீவுத் திட்டுகள் போன்ற உயிரணுக் கூட்டங்களை லாங்கர்ஹான்ஸ் 1869-இல் கண்டார். தீவுக்கு இலத்தீனில் 'இன்சுலா'. அத்தீவுகளில் சுரப்பதாக ஊகித்த பொருளுக்குப் பெல்ஜியத்து டி மேயர் 1909-இலேயே அப்பெயரைச் சூட்டிவிட்டார். பொருள் கைக்கு வந்ததோ 1921, 1922-ஆம் ஆண்டுகளில், கானடாவின் டொராண்டோவில். பிள்ளை பிறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே பெயர்சூட்டு விழா நடந்துவிட்டது!

அடுத்து 'ஓன்' என்னும் ஈறு. டெஸ்டோஸ்டிரோன், புரொஜெஸ்டிரோன், ஆல்டோஸ்டிரோன் என்னும் பெயர்களைக் கேட்பவர், ஹார்மோனின் ஈற்றையே இவற்றிலும் ஒட்டியிருக்கிறார்கள் என்று எண்ணக்கூடும். செவிக்கு ஒன்றுதான், குலம் வேறு. ஹார்மோனின் 'ஓன்' கிரேக்க இலக்கணத்து எச்ச விகுதி. மற்றவற்றின் 'ஓன்', கீட்டோன் என்னும் வேதியியல் தொகுதியைக் குறிப்பது. ஆல்ககால் தொகுதி இருந்தால் ஈறு 'ஆல்' என்றாகும். பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் வகையில் ஈஸ்ட்ரோன், ஈஸ்ட்ராடயால், ஈஸ்ட்ரயால் என்று மூன்று உள்ளன. முதலாவதில் கீட்டோன், இரண்டாவதில் ஆல்ககால் இரண்டு, மூன்றாவதில் மூன்று. ஈறே கணக்கைச் சொல்லிவிடுகிறது. (இவற்றின் முற்பகுதி, மாட்டைக் கடித்து வெறியூட்டும் ஈயின் கிரேக்கப் பெயர். அதை இங்கே ஒட்டியவரின் இரசனையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன்.)

புரொஜெஸ்டிரோன் என்னும் பெயர் ஒரு சமாதான உடன்படிக்கை. அமெரிக்கராகிய கார்னரும் ஆலனும் அப்பொருளைப் 'புரொஜெஸ்டின்' என்றனர். ஜெர்மானியர் 'லூட்டியோஸ்டிரோன்' என்றனர். 1935-இல் லண்டனில் கூடிய மாநாட்டை ஒட்டி, ஒருவரது தலையையும் மற்றவரது வாலையும் சேர்த்து முடித்துவிட்டனர். இரு தரப்பும் திருப்தியடைந்த பெயர்ச்சண்டை அறிவியலில் அரிது.

இந்த 'ஓன்', 'ஆல்' வேற்றுமை வெறும் படிப்பாளியின் பொழுதுபோக்கு அன்று. 1948-இல் மேயோ மருத்துவமனையில் ஹென்ச் என்பவர், மூட்டுவாதத்தால் முடங்கிய நோயாளி ஒருவருக்குக் கெண்டல் பிரித்தெடுத்த பொருள் ஒன்றைச் செலுத்தி வியப்பான பயன் கண்டார். மறு ஆண்டு அதற்குக் 'கார்ட்டிசோன்' என்று பெயராயிற்று. 1950-இல் அவ்விருவரும் ரெய்க்ஸ்டைனுடன் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் உடம்பில் உண்மையாக வேலை செய்வது கார்ட்டிசோன் அன்று, கார்ட்டிசால். முன்னதன் ஒரு மூலையிலுள்ள கீட்டோனைக் கல்லீரல் ஆல்ககாலாக மாற்றிய பின்னரே அது பயன் தருகிறது. நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பிரெட்னிசோன், பிரெட்னிசொலோன் என்னும் மருந்துகளின் உறவும் இதுவே. இரண்டாவதில் 'ஒல்' என்பது நன்னூலார் கூறும் இடைநிலை போல நடுவே ஒளிந்திருக்கிறது. கல்லீரல் கெட்டவருக்கு மருத்துவர் இரண்டாவதையே விரும்பித் தருவதற்குக் காரணம், மாற்றும் வேலையைச் செய்யக் கல்லீரல் இயலாதிருக்கலாம் என்பதே. ஆகவே எழுத்துக்கூட்டில் ஒன்று குறைந்தால் என்ன என்று மருந்துக் கடையில் ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கி வருவது தகாது.

பிட்யூட்டரி மற்றச் சுரப்பிகளை ஏவ அனுப்பும் ஹார்மோன்களின் ஈற்றில் 'ட்ரோபின்' என்றும் 'ட்ரோஃபின்' என்றும் இரு வடிவங்கள் காணப்படும். அமெரிக்கர் முன்னதையும் ஆங்கிலேயர் பின்னதையும் எழுதி வந்தனர். ஓரெழுத்து வேற்றுமைதான், ஆனால் 'ட்ரோப்' என்றால் திருப்புதல், 'ட்ரோஃப்' என்றால் ஊட்டுதல். 1920-களில் அமெரிக்கராகிய ஃபிலிப் ஸ்மித் எலிகளின் பிட்யூட்டரியை அகற்றிய போது, தைராய்டும் அண்ணீரகமும் இனப்பெருக்கச் சுரப்பிகளும் உணவற்ற பயிர்போல் சுருங்கின. அதைக் காணும்போது 'ஊட்டும்' என்னும் பொருளே பொருத்தமென்று எனக்குப் படுகிறது. ஆயினும் உலக வழக்கில் இப்போது 'ட்ரோபின்' ஓங்கிவிட்டது. தடுத்து நிறுத்துவன என்னும் பொருளுடைய 'ஸ்டாட்டின்' என்னும் ஈறும் கவனிக்கத்தக்கது. 1973-இல் கில்மன் குழுவினர் அறிவித்த சொமாட்டோஸ்டாட்டின், வளர்ச்சி ஹார்மோனை அடக்குவது. கொழுப்பைக் குறைக்கக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளோ அதற்கு எவ்வகையிலும் உறவல்ல.

நோய்களைக் குறிக்கும் ஈறுகள் சிலவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'ஐட்டிஸ்' என்றால் அழற்சி. தைராய்டைட்டிஸ் தைராய்டின் அழற்சி. 'மெகலி' என்றால் பெருத்தல்; கைகால் நுனிகள் பெருக்கும் நோய்க்குப் பாரிஸ் மருத்துவர் பியர் மாரி 1886-இல் 'அக்ரோமெகலி' என்று பெயர் வைத்தார். 'ஓமா' என்றால் கட்டி. இந்த ஈற்றைக் கண்டதும் புற்றுநோய் என்று கலங்குபவர் பலர். அடினோமாவும் 'ஓமா', கார்சினோமாவும் 'ஓமா'. முன்னது பெரும்பாலும் தீங்கற்ற கட்டி, பின்னதே புற்று. இங்கே ஈறு உதவாது; முற்பகுதியைத்தான் பார்க்க வேண்டும்.

'டமி' என்றால் வெட்டுதல், 'எக்டமி' என்றால் வெட்டி எடுத்துவிடுதல். இவ்வேற்றுமையின் கனத்தை உலகுக்கு உணர்த்தியவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் கோக்கர். கழலை நோயாளிகளின் தைராய்டை முழுவதும் எடுத்துவிடுவதில் அவர் கை தேர்ந்தவர். புண் ஆறி வீடு திரும்பியவர்களைச் சில ஆண்டுகள் கழித்து அழைத்துப் பார்த்த போது, பலர் முகம் வீங்கி, அறிவு மந்தித்து, உடல் தளர்ந்திருந்தனர். சிறுவராயின் வளர்ச்சி நின்றிருந்தது. 1883-இல் இதை அவர் ஒளிக்காமல் வெளியிட்டு, முழுச் சுரப்பியையும் எடுக்கும் வழக்கத்தைக் கைவிட்டார். தைராய்டு எதற்கு என்பதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட பாடங்களில் அது ஒன்று. 1909-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று முழுவதும் எடுத்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. தைராக்சின் மாத்திரை ஆயுள் முழுவதும் உண்டால் போதும். ஆனால் 'எக்டமி' என்று சீட்டில் கண்டால், ஒரு பாதியா, முழுவதுமா என்று கேட்டறிந்து வைத்துக்கொள்வது அவசியம்.

இறுதியாக, ஈறே இரு நோய்களைப் பிரிக்கும் ஒரு பெயர். டயாபெடீஸ் என்பது ஊடே கடந்து செல்வது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல். குடித்த நீர் தங்காமல் குழாய் வழி ஓடுவது போல் கழிவதைக் கண்டு இட்ட பெயர். பண்டைய கிரேக்க மருத்துவர் அரட்டேயஸ் இந்நோயை விரிவாக வருணித்துள்ளார். அவரது பெயரில் இனிப்பின் பேச்சே இல்லை. சிறுநீர் தேன்போல் இனிப்பதைச் சரகரும் சுசுருதரும் அறிந்திருந்தனர். 'மதுமேகம்' என்னும் சொல்லே சான்று. ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் அவ்வினிப்பைக் குறிப்பிட்டார். 1776-இல் லிவர்பூல் மருத்துவர் டாப்சன் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, எஞ்சியது சர்க்கரையே என்று காட்டினார். இனிப்பில்லாமல் நீர் மட்டும் பெருகும் நோய் வேறு என்று பிற்பாடு தெளிந்தது. ஒன்றுக்குத் 'தேன்சுவை' என்று பொருள்படும் 'மெல்லிட்டஸ்' என்னும் வாலையும், மற்றொன்றுக்குச் 'சுவையற்றது' என்று பொருள்படும் 'இன்சிப்பிடஸ்' என்னும் வாலையும் வைத்தனர்.

நம் 'நீரிழிவு' என்னும் சொல்லை இங்கு எண்ணிப் பார்க்கலாம். இழிதல் என்றால் கீழிறங்குதல், வழிந்தோடுதல், தாழ்மை அன்று. நீர் வழிந்தோடுவது என்னும் கருத்தில் அது கிரேக்கச் சொல்லுக்கு அச்சாக ஒத்திருக்கிறது. சர்க்கரை அதிலும் இல்லை. ஆகவே கிரேக்கச் சொல்லுக்கு நேர்ந்த இடர் இதற்கும் உண்டு.

அவ்விடர் சிறிதன்று. இன்சிப்பிடஸ் வகையில் இன்சுலினுக்கு வேலையே இல்லை. பிட்யூட்டரி வழியே வரும் வாசோபிரெசின் குறைவதால், சிறுநீரகம் நீரைத் தடுத்து வைக்க இயலாமல் போகிறது. (வாசோபிரெசின் என்றால் இரத்தக் குழாயை நெருக்குவது; முதலில் கண்ட விளைவைக் கொண்டு இட்ட பெயர். நீரைக் காப்பதே அதன் தலையாய தொழில் என்பது அப்பெயரில் இல்லை.) அதற்கு ஈடாகத் தரும் மருந்து டெஸ்மோபிரெசின். வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்த இத்தகையோரை, சீட்டில் 'டயாபெடீஸ்' என்ற முதற்சொல்லை மட்டும் கண்டு சர்க்கரை நோயாளி என்று கருதி, இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொண்டு, டெஸ்மோபிரெசினைக் கொடாமல் விட்ட நிகழ்ச்சிகள் மேலைநாடுகளில் நேர்ந்துள்ளன. நீர் வற்றி உயிரிழந்தவரும் உண்டு. இதனாலேயே 2022-இல் பல நாட்டுச் சுரப்பியியல் சங்கங்கள் சேர்ந்த ஒரு குழு, பழைய பெயரை விட்டுவிட்டு 'ஆர்ஜினின் வாசோபிரெசின் பற்றாக்குறை' என்று வழங்க வேண்டும் என்று முன்மொழிந்தது. வாசோபிரெசின் சுரந்தும் சிறுநீரகம் அதற்கு இணங்காத வகைக்கு 'ஆர்ஜினின் வாசோபிரெசின் எதிர்ப்பு' என்று பெயர் கூறியது.

பெயர் மாறினாலும் பழைய சீட்டுகள் உடனே மாறுவதில்லை. வீட்டில் எவருக்கேனும் இந்நோய் இருந்து, வெளியூர் செல்ல நேர்ந்தால், பழைய பெயர், புதிய பெயர், டெஸ்மோபிரெசின் என்னும் மருந்தின் பெயர், அதன் அளவு ஆகிய நான்கையும் ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். அதனடியில், இது சர்க்கரை நோய் அன்று என்று ஒரு வரியும் இருக்கட்டும்.